பழைய கடைவீட்டுக்குப் புது உயிர்: கதவு யாருக்குத் திறக்கும்?

டுரியான் துங்கால் வட்டாரத்துக் குடும்பங்கள் மலாக்கா பட்டணத்துக்குப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, ஜாலான் பெண்டஹாரா பக்கம் சேலை, பூ, மளிகை, பூஜைச் சாமான் வாங்குவது. மற்றொன்று, வெளியூரிலிருந்து வந்த உறவினரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய் ஜோங்கர் தெருவைக் காட்டுவது. இந்தக் கரையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிறார்கள். அந்தக் கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அந்தக் கரையில் இருக்கும் கட்டடங்கள் இடிபடாமல் நிற்கின்றன என்பது பெருமைக்குரிய விஷயம்தான். 2008 ஜூலை 7-ஆம் தேதி பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பிறகு மரபுப் பகுதியில் ஒரு கட்டடத்தை நினைத்தபடி இடித்துத் தள்ள முடியாது. இடிப்பதா, காப்பதா என்ற வழக்கு அங்கே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இப்போது இருக்கும் கேள்வி வேறு. காப்பாற்றிய கட்டடத்துக்குள் யார் இருக்கப் போகிறார்கள்? கீழே யார் கடை வைப்பது, மேலே யார் குடியிருப்பது, வாடகையை யார் தாங்குவது? மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் நடந்த புதுப்பிப்புகளை இந்தக் கேள்வியோடு பார்த்தால், தமிழர்கள் கவனிக்க வேண்டிய பாடங்கள் நிறைய இருக்கின்றன. கோயில், சங்கம், ஆசிரமம் என்று சமூகத்தின் கையிலும் பழைய கட்டடங்கள் இருப்பதே அதற்குக் காரணம்.

கடைவீடு சொல்லித் தரும் பாடம்

"ஒரே கட்டடத்தில் பல பயன்பாடு" என்பதை மேம்பாட்டு நிறுவனங்கள் இன்று புதிய யோசனையாக விளம்பரம் செய்கின்றன. கீழே கடை, நடுவில் அலுவலகம், மேலே குடியிருப்பு என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். மலாக்காவில் அது இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். கடைவீடு என்ற பெயரே அதைச் சொல்கிறது.

முன்பக்கம் அஞ்சடியை ஒட்டிக் கடை. அதற்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறை. நடுவில் வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கும் திறந்த முற்றம். அதற்கும் பின்னால் சமையல்கட்டு, கிணறு. மேல்மாடியில் முதலாளி குடும்பமோ கடைப் பையன்களோ தங்கினார்கள். முகப்பு குறுகலாக, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். முகப்பின் அகலத்தைக் கணக்கிட்டு வரி போட்டதால் அப்படிக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு.

தமிழர்களுக்கும் இந்த அமைப்பு அந்நியமானதல்ல. செட்டியார்களின் கிட்டங்கிகள் இதே முறையில்தான் இயங்கின. கீழே கணக்குப் பெட்டியும் பாயும், மேலே தங்குமிடம், உள்ளே சாமி படம், பின்னால் சமையல். ஒரே கூரைக்குக் கீழே வங்கி, விடுதி, சாப்பாட்டுக்கூடம், வழிபாடு எல்லாம் நடந்தன.

மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர் தெரு. அருகில் ஜாலான் துக்காங் பெசி, கொல்லர் தெரு. தெருவின் பெயரே அங்கே நடந்த தொழிலைச் சொல்கிறது. அந்த வரிசையில்தான் 1781-இல் டச்சு ஆட்சிக் காலத்தில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இருக்கிறது. சில அடி தூரத்தில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். தொழில் செய்தவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள், குடியிருந்தவர்கள் அங்கேயே கும்பிட்டார்கள். யுனெஸ்கோ மதிப்புக் கொடுத்தது சுவருக்கும் ஓட்டுக்கும் மட்டுமல்ல, பல இனத்தவர் கலந்து வாழ்ந்த இந்த வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான்.

1997: வாடகைப் பூட்டு உடைந்த ஆண்டு

அந்த வாழ்க்கை கலைந்ததற்குச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. சாதாரண வியாபாரியும் கைத்தொழிலாளியும் பட்டணத்தின் நடுவே பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது அதனால்தான்.

அதே சட்டம் இன்னொரு விளைவையும் உண்டாக்கியது. வாடகை மிகக் குறைவாக இருந்ததால் கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. ஓடு உடைந்தது, மரம் கரையானுக்குப் போனது. கட்டடம் பாழானாலும் குடியிருந்தவர் நகரவில்லை.

1997-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இடைக்காலச் சலுகை 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை சந்தை விலைக்குத் தாவியது. பழைய குடியிருப்பாளர்கள் பலர் பட்டணத்துக்கு வெளியே புதிய தாமான்களுக்குப் போனார்கள். காலியான கடைவீடுகளில் சில, பறவைக்கூடு எடுப்பதற்காகக் குருவி வளர்க்கும் இடங்களாயின. சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டார்கள். உள்ளே தேங்கிய ஈரம் சுவரையும் மரத்தையும் அரித்தது.

அதே 2000-இல்தான் ஜோங்கர் தெரு வார இறுதி இரவுச் சந்தை தொடங்கியது. எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. சுற்றுப்பயணிகள் பெருகினார்கள், நிலத்தின் விலை ஏறியது. குருவி இருந்த இடத்துக்குத் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் நினைவுப்பொருள் கடையும் வந்தன. கட்டடம் பிழைத்தது. ஆனால் மேல்மாடியில் துணி காயவில்லை, பின்கட்டில் அடுப்பு எரியவில்லை. கடையும் வீடும் சேர்ந்திருந்த கடைவீட்டில் வீடு போய்விட்டது.

மூன்று கட்டடங்கள், மூன்று வழிகள்

புதுப்பித்த கட்டடங்கள் எல்லாம் ஒரே வழியில் போகவில்லை. மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

முதலாவது, மலாக்கா ஜாலான் துன் தான் செங் லோக்கில் உள்ள எட்டாம் எண் வீடு. பழையவர்கள் அந்தத் தெருவை ஹீரன் தெரு என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட இந்த எளிய கடைவீட்டை, பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுக் காப்பு அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் சீரமைத்தது. பளபளப்பாக்கிப் புதிதுபோல் காட்டும் வேலை அங்கே நடக்கவில்லை. இருந்த சுவர், இருந்த மரம், அடுக்கடுக்கான பழைய சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை தெரியும்படி விட்டார்கள். ஒரு கடைவீட்டை எப்படிப் பழுதுபார்ப்பது என்று மற்ற உரிமையாளர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளவே அந்த வீடு. வருமானம் தருவது அதன் நோக்கமல்ல. அதனால் வெளியார் நிதியுதவி இல்லாமல் இப்படி ஒரு வீட்டை நடத்துவது கடினம்.

இரண்டாவது, மலாக்கா ஆற்றங்கரையில் உள்ள மெஜஸ்டிக். 1920-களின் இறுதியில் ஒரு சீன வணிகர் கட்டிய மாளிகை அது. 1955-இல் கைமாறி ஹோட்டலானது, 2000-இல் மூடப்பட்டது. பின்னர் வைடிஎல் குழுமம் மாளிகையைச் சீரமைத்து, பின்னால் 54 அறைகள் கொண்ட புதிய கட்டடத்தை எழுப்பி 2008-இல் திறந்தது. வரவேற்பறை, உணவகம் போன்றவை பழைய மாளிகையில், படுக்கையறைகள் புதிய கட்டடத்தில். கணக்குப்படி பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. பழைய வீட்டின் சுவரை உடைத்துக் குளியலறை கட்ட வேண்டியதில்லை. புதிய கட்டடத்தின் வருமானம் பழைய வீட்டைக் காக்கும். ஆனால் அது ஆடம்பர ஹோட்டல். தோட்டத்துக் குடும்பம் ஒன்று அதன் வாசலை வெளியிலிருந்துதான் பார்க்கும்.

மூன்றாவது, கோலாலம்பூரின் சென்ட்ரல் மார்க்கெட். 1888-இல் மீன், காய்கறிச் சந்தையாகத் தொடங்கியது. இன்று நிற்கும் கட்டடம் 1930-களில் எழுந்தது. 1980-களில் அதை இடிக்கும் பேச்சு எழுந்தபோது மரபு ஆர்வலர்களும் கட்டடக் கலைஞர்களும் எதிர்த்தார்கள். கட்டடம் தப்பியது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலேயே கைவினை, கலைப்பொருள் சந்தையாக மறுபிறவி எடுத்தது. உள்ளே சின்னச் சின்னக் கடைகள், அவற்றில் இந்தியப் பொருள்களுக்கென ஒரு வரிசை. நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய மீன்காரர் அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் சிறிய முதலீட்டுடன் வருபவருக்கு இடம் கொடுக்கும் அமைப்பு தொடர்ந்தது. யாரும் உள்ளே நுழைந்து ஒரு சுற்று வரலாம்.

ஒரு கட்டடத்தில் அறிவு கிடைக்கிறது, ஒன்றில் பணம் கிடைக்கிறது, ஒன்றில் சிறு வியாபாரிக்கு இடம் கிடைக்கிறது. மூன்றிலும் சுண்ணாம்பும் ஓடும் காப்பாற்றப்பட்டன. வேறுபாடு, திறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவில் இருக்கிறது. யாருக்காக என்று முதலில் முடிவு செய்தார்கள், அதன்படி கட்டடம் மாறியது.

கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் இந்த வரிசைக்கு வருகிறது. 1894-இல் தொடங்கி 1897-இல் முடிந்த அந்தக் கட்டடத்துக்குச் சுமார் 40 லட்சம் செங்கற்கள் ஆயின. காலனிய ஆட்சியின் தலைமை அலுவலகமாகவும், பின்னர் நீதிமன்றமாகவும் இருந்தது. அதன் எதிரே உள்ள திடலில்தான் 1957-இல் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அதைச் சீரமைத்து மக்கள் வந்து போகும் இடமாக்கும் பொறுப்பை அரசின் முதலீட்டு நிறுவனமான காஸானா நேஷனல் ஏற்றது. பணம் பொதுப்பணம் என்பதால், உள்ளே வரும் கடைகளில் சிறு வியாபாரிக்கு எத்தனை, பெரிய நிறுவனத்துக்கு எத்தனை என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பழைய கட்டடத்தைக் காப்பது என்றால் சாயம் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

பழைய மலாக்கா சுவர்கள் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தச் சுவர் உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் வெளியேற வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும். எண்ணெய்ச் சாயமும் சுவரின் மூச்சை அடைக்கும். தரையில் சுட்ட மண் ஓட்டுக்குப் பதில் பளிங்குபோல் மின்னும் ஓட்டை ஒட்டினால், தரைக்கடியில் உள்ள ஈரம் சுவர்ப்பக்கம் திரும்பும். திறந்த முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடிக் குளிர்சாதனம் வைத்தால், காற்றோட்டத்தையே நம்பி நின்ற வீடு புழுங்கிப்போகும்.

பழைய கோயில்களிலும் சங்கக் கட்டடங்களிலும் இதே தவறு நடக்கிறது. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டும் ஓடும் பதிக்கிறார்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்கு நிலைக்கிறது, பின்னால் சுவர் நனைகிறது.

பயன்பாட்டை மாற்றும்போது இன்னொரு தடையும் வரும். வீடாக இருந்ததை விடுதியாகவோ வகுப்பறையாகவோ மாற்றினால் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும். மரத் தளம், மரப்படி, ஒரே வாசல் உள்ள கட்டடத்தில் நிறையப் பேர் கூடினால் ஆபத்து. வெளியேற இரண்டாவது வழி, எச்சரிக்கை மணி, தீத்தடுப்புப் பூச்சு என்று செலவு ஏறும். தொடக்கத்திலேயே மாநகராட்சி மன்றத்தையும் போம்பாவையும் கலந்து பேசினால் பாதித் தலைவலி குறையும். பாதிக் கட்டடத்தை மாற்றிய பிறகு விண்ணப்பம் போட்டால், உடைத்ததையே திரும்பக் கட்ட வேண்டி வரும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

கடைவீட்டு உரிமையாளர் ஏன் எல்லாவற்றையும் விடுதியாக மாற்றுகிறார் என்று கோபப்படுவது எளிது. அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு, சீரமைப்புக்கு 6 லட்சம் வெள்ளி கடன் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 3,960 வெள்ளி வரும். கட்டடம் முழுவதையும் ஒரு பூக்கடைக்கோ தையற்கடைக்கோ விட்டால், அந்தக் கடை மாதம் நாலாயிரம் வெள்ளி வாடகை கட்ட முடியுமா? முடியாது. எட்டு அறை விடுதியாக்கி, அறைக்கு 120 வெள்ளி வீதம் மாதத்தில் 15 இரவு நிரம்பினாலே 14,400 வெள்ளி வரவு. சம்பளம், மின்சாரம், சலவை எல்லாம் போனாலும் தவணை கட்டிவிடலாம். அதனால்தான் தெரு முழுக்க விடுதியாகிறது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. முன்கடையை 1,800 வெள்ளிக்கும், பின்கட்டைப் பட்டறைக்கு 700 வெள்ளிக்கும் விட்டு, மேல்மாடியில் நான்கு அறைகளை வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு அறை 400 வெள்ளிக்குக் கொடுத்தால் மொத்தம் 4,100 வெள்ளி. தவணை அடைபடும். கையில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இராது. ஆனால் கட்டடம் சொந்தமாகவே இருக்கும், முன்கடைக்காரர் தனியாகத் தூக்க வேண்டிய சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கடைவீட்டின் பழைய ஏற்பாடும் இதுவேதான்.

லாபம் மட்டும் தேடும் முதலீட்டாளர் இந்த நடுவழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அதைத் தேர்ந்தெடுக்கக் கூடியவர்கள் வேறு சிலர். குடும்பச் சொத்தை விற்க மனமில்லாதவர், கோயில் நிர்வாகம், சங்கம், அரசு சார்ந்த அமைப்பு. அவர்களுக்கும் தொடக்கச் செலவில் கை கொடுக்க ஆள் வேண்டும். பினாங்கில் 2009-இல் காஸானாவின் திங்க் சிட்டி அமைப்பு 2 கோடி வெள்ளி மானியத் திட்டத்தைத் தொடங்கி, கட்டட உரிமையாளர்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் பகிர்ந்தளித்தது. இதுபோன்ற மானியத்துக்கு விண்ணப்பிக்கும் பழக்கம் இந்தியச் சமூக அமைப்புகளிடம் இன்னும் வளர வேண்டும்.

சமூகத்தின் கையில் இருப்பவை

மலாக்காவில் தமிழ் வேருள்ள மரபு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி. மலாக்கா சுல்தான் காலத்து வணிகர்களின் வழிவந்த செட்டி சமூகத்தினர் மலாய் பேசி, இந்துவாக வாழ்பவர்கள். அந்தக் கிராமம் 2002-இல் மரபுக் கிராமமாக அரசிதழில் இடம்பெற்றது. இருந்தும், பக்கத்து நிலத்தில் உயரமான கட்டடத் திட்டம் வந்தபோது கிராமத்தினர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அரசிதழில் இருந்த கோடு கிராமத்தின் வேலியோடு நின்றது. வேலிக்கு வெளியே என்ன எழும்பும் என்பதை அந்தக் கோடு தடுக்கவில்லை. ஒரு கட்டடத்தைக் காப்பவர்கள் பக்கத்து நிலத்தின் திட்டத்தையும் படிக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள விவேகானந்த ஆசிரமத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1904-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. 2014-இல் அதன் வளாகத்தில் பல மாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வெளியானபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆசிரமக் கட்டடத்தை இடிக்கவில்லை, அறப்பணிக்கு வருமானம் வேண்டும் என்பது அறங்காவலர் தரப்பு வாதம். சமூகத்தின் சொத்து மேம்பாட்டு நிறுவனத்தின் நிழலில் போகிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். கையெழுத்து வேட்டை நடந்தது. சுற்றுலா, பண்பாட்டு அமைச்சு அதை மரபுச் சின்னமாக அறிவிக்க முன்வந்தது.

அந்தச் சர்ச்சையில் இரண்டு பக்கமும் ஓர் உண்மை இருந்தது. நூறாண்டுக் கட்டடத்தையும் அது நடத்தும் பணிகளையும் உண்டியல் காசை மட்டும் வைத்துக் காக்க முடியாது. அதே நேரம், சமூகம் தந்த நிலத்தில் என்ன எழும்பப் போகிறது என்பதைச் சமூகம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதும் முறையல்ல. திட்டம் கையெழுத்தாவதற்கு முன் உறுப்பினர்களைக் கூட்டி, வரைபடத்தை விரித்து வைத்துப் பேசியிருந்தால், வருமானமும் வந்து மரபும் நிலைக்கும் நடுவழி ஒன்று கிடைத்திருக்கக் கூடும்.

உரிமையாளரின் சம்மதம் என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. 2025 ஆகஸ்டில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பிப்புச் சட்ட மசோதா கடும் விவாதத்தைக் கிளப்பியது. பழைய அடுக்குமாடிகளை மறுமேம்பாடு செய்ய எத்தனை விழுக்காடு உரிமையாளர் ஒப்புக்கொண்டால் போதும் என்பதே அந்த விவாதத்தின் மையம். அடுக்குமாடியில் வாழும் பட்டணத்துத் தமிழர்களை அது நேரடியாகத் தொடும். கட்டடம் எதுவானாலும், எழுத்து மூலமான உரிமை இல்லாதவரின் குரல் எடுபடாது.

தோட்டத்துக்கு இதில் என்ன?

பட்டணத்துக் கட்டடத்துக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கலாம். டுரியான் துங்காலைச் சுற்றிப் பார்த்தாலே பதில் கிடைக்கும். 2000-இல் தொடங்கிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இங்கே இருக்கிறது. ஆயர் குரோ பக்கமிருந்து சாலையும் வீடமைப்பும் விரிந்துகொண்டே வருகின்றன. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் தாமான்களாகிவிட்டன. மலாக்கா மாநிலம் முழுக்க இதே கதைதான்.

தோட்டம் கைமாறும்போது லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, ஆபீஸ், மருந்தகம் எல்லாம் ஒரே வாரத்தில் தரைமட்டமாகும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மட்டும்தான் போராட்டம் நடக்கும். மற்றவை கட்டடமாகவே யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டணத்துக் கடைவீட்டுக்கு யுனெஸ்கோ இருக்கிறது, தோட்டத்து ஆபீசுக்கு ஒரு புகைப்படம்கூட மிஞ்சுவதில்லை.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் பட்டணத்துக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. ஒரு கட்டடத்தைத் தேசிய மரபாகப் பரிந்துரைக்க எவருக்கும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் மாநிலத்தின் ஒத்துழைப்பும் தேவை. பரிந்துரைத்ததெல்லாம் ஏற்கப்படும் என்று சொல்ல முடியாது. ஆனால் பரிந்துரைக்காதது ஏற்கப்படவே போவதில்லை. புதிய வீடமைப்பின் நடுவே ஒரு பழைய தோட்ட ஆபீசை நிறுத்தி வைத்து, கீழே பாலர் பள்ளியும் மேலே நூலகமும் நடத்துவது மேம்பாட்டு நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டமல்ல. திட்ட அனுமதிக்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிச் செய்யக்கூடியவை

பழைய கட்டடம் கையில் உள்ள கோயில்களும் சங்கங்களும் முதலில் செய்ய வேண்டியது நிலப்பட்டாவைச் சரிபார்ப்பது. யார் பெயரில் இருக்கிறது, அறங்காவலர் உயிரோடு இருக்கிறார்களா, நிலவரி கட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத கட்டடத்துக்கு வங்கியும் உதவாது, அரசு மானியமும் வராது.

அடுத்து, கட்டடத்தை அளந்து, அறை அறையாகப் படம் எடுத்து வைப்பது. பல்கலைக்கழகங்களில் கட்டடக் கலை படிக்கும் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட அளவீடு பாடத்தின் ஒரு பகுதி. அழைத்தால் வருவார்கள். பெரிய செலவில்லாத இந்த ஆவணம், நாளைக்குக் கட்டடம் சரிந்தாலும் கையில் இருக்கும்.

மூன்றாவது, பயன்பாட்டுத் திட்டத்தை எழுதுவது. கீழ்த்தளத்தில் வருமானம் தரும் கடை எத்தனை, அதில் சமூகத்தின் சிறு வியாபாரிக்கு ஒதுக்குவது எத்தனை, மேல்தளத்தில் வகுப்பறையா, தங்குமிடமா, எந்த வருமானம் எந்தச் செலவுக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகைக் காலம், வாடகை உயர்வுக்கு வரம்பு ஆகியவற்றையும் ஒப்பந்தத்திலேயே போட வேண்டும். 1999 டிசம்பர் 31-இல் வெளியேறிய கடைக்காரர்களில் பலருக்கு அப்படி ஓர் எழுத்து இல்லாமல் போனது.

வியாபாரிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஜாலான் பெண்டஹாராவின் பூக்கடையும் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் இன்றைக்கு இயங்குவதால்தான் அந்தப் பகுதிக்கு லிட்டில் இந்தியா என்ற பெயர் பொருந்துகிறது. தனித்தனி வாடகைதாரராக இருப்பதைவிட, நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கட்டடத்தை நீண்ட குத்தகைக்கு எடுப்பதும் வாங்குவதும் நடக்கக் கூடியதே. கூட்டுறவுச் சங்கம் இந்தச் சமூகத்துக்குப் புதியதல்ல. தோட்டத் தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிய வரலாறு இந்நாட்டுத் தமிழர்களுக்கு உண்டு. ஒரு கடைவீடு அதைவிடச் சின்ன விஷயம்.

மலாக்காவின் பழைய சுவர்கள் இனி விழாது என்று நம்பலாம். அவற்றுக்குப் பின்னால் யார் விளக்கேற்றுவார்கள் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இந்தத் தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போகும் குடும்பங்கள், வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்: "குத்தகை எப்போ முடியுதுண்ணே?"